எங்க பக்கத்து லோயர் ஐயாவுக்கு ஓராண்டு நினைவு வருது, என்ன செஞ்சா சரியா இருக்கும்?

டிக்கோயா மகள் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலையகத்துல நோர்வூட், பொகவந்தலாவை பக்கத்து ஆளுங்களுக்கு நான் யாரப் பத்தி எழுதுறேன்னு பேர் போடாமலே புரிஞ்சிரும். முதல்ல நுவரெலியா கச்சேரியில, அதான் மாவட்ட அரசாங்க ஒபீஸ்ல, கிளாக், அப்புறம் ஹட்டன் கோர்ட்ல லோயர், நடுவுல ஒரு தவணை அம்பகமுவ பிரதேச சபை உறுப்பினர். வீட்டுக்காரங்க கேட்டுக்கிட்டதால இங்க பேர் போடல, நீங்களும் போடாதீங்க, லோயர் ஐயான்னே சொல்லுவோம், அவர நாம அப்படித்தானே கூப்பிட்டோம்.

வர்ற மாசியோட அவர் போயி ஒரு வருஷம். சாவு வீட்டுக்கு வந்த சனத்த பாத்தவங்களுக்குத் தெரியும், அரசியல் கட்சிக்காரங்க ஒரு பக்கம் கோர்ட் ஆளுங்க ஒரு பக்கம், ஆனா ரோட்டு நெடுக நின்னது கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க, அன்னைக்கு அரைப்பேர், அதான் அரை நாள் சம்பளம், கூட வேணாம்னு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாம வந்தவங்க. அந்த எடத்துலயே நாலஞ்சு தோட்டத்து தலைவர்மாரு சேந்து ஐயாவுக்கு ஏதாவது செய்யணும்னு பேசி, இப்ப அது ஒரு குழுவா ஆகி நான் அதுல எழுத்து வேலை பாக்குறேன். காசும் சேந்திருக்கு. பெரிய தொகை இல்ல, சம்பள நாள்ல நூறு இருநூறுன்னு எடுத்துக் குடுத்த காசு, அதனாலதான் அத சரியான விஷயத்துல போடணுமேன்னு தூக்கம் வர மாட்டேங்குது.

ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. டவுன்ல சிலை வைக்கணும்ங்கிறாங்க சிலர். பஸ் தரிப்பிடம் ஒண்ணு கட்டி பேர் போடலாம்ங்கிறாங்க சிலர். பொடியனுங்களுக்கு கலை நிகழ்ச்சி வைக்கணும். எனக்கு ஒரு நினைவு மலர் போட ஆச, ஆனா அதுல என்ன வரணும், யார்கிட்ட எழுதி வாங்கணும்னு தெரியல.

இன்னொரு விஷயம் அவசரம். அவரோட ஒபீஸ் ரூம் வாடகை ரூம், பைல் எல்லாம் பெட்டி பெட்டியா அதுக்குள்ள அப்படியே கிடக்கு, அம்மா, அதான் ஐயாவோட சம்சாரம், அத ஒழிச்சுக் குடுத்துரணும்ங்கிறாங்க. குழுவுல ஒரு அண்ணன் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்ல போட்டுட்டா வரலாறு காப்பாத்தப்படும்ங்கிறாரு, எனக்கு அது சரியான்னு சந்தேகமா இருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, ஐயாவ தெரிஞ்சவங்க ஒங்க கதையையும் எழுதுங்க.

ஹட்டன்காரன்

அக்கா, எங்க அம்மாவோட விஷயம் ஐயாதான் பாத்தாரு, அத எழுதுறேன், மலருக்கு தேவைப்பட்டா எடுத்துக்கங்க.

அம்மா 1983ல தோட்டத்து வேலைக்கு பேர் பதிஞ்சவங்க, ஒரே தோட்டம், ஒரே டிவிசன். வேலை முடிஞ்சு பேர் வெட்டுன பிறகு சேவைக்காலப் பணம், அதான் வேலை செஞ்ச வருஷத்துக்கு கணக்குப் பாத்து கடைசியில குடுக்கிற காசு, குடுத்தாங்க, கணக்கப் பாத்தா ஒன்பது வருஷத்த காணோம். போயி கேட்டா, 1992ல கம்பனி தோட்டத்த எடுத்த நாள்ல இருந்துதான் எங்ககிட்ட ஆள் பேர், வேலை நாள் பதியிற செக்ரோல் இருக்கு, அதுக்கு முந்தி அரசாங்கம் நடத்துன காலம், அது எங்களுக்குத் தெரியாதுன்னுட்டாங்க. தோட்டத் தலைவர் ரெண்டு தரம் பேசிப் பாத்தாரு, ஒண்ணும் நடக்கல. அப்புறந்தான் யாரோ சொல்லி நானும் அம்மாவும் ஐயாகிட்ட போனோம்.

அம்மா பழைய சம்பளத் துண்டெல்லாம் ஒரு பிஸ்கட் டின்ல போட்டு லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, மேல அட்டல்ல வச்சிருந்தாங்க, பாதி பூச்சி அரிச்சது. ஐயா அத மேசையில கொட்டி வருஷ வாரியா பிரிச்சு, பறக்காம இருக்க ஒவ்வொரு கட்டு மேலயும் ஒரு சட்டப் புத்தகத்த தூக்கி வச்சாரு. அப்புறம் மாசத்துக்கு மாசம் அம்மாகிட்டயே கேட்டாரு, இந்த மாசம் ஏம்மா நாள் குறைவுன்னு. அம்மா, அப்பதான் மூத்தவன் பொறந்தான்ங்கிறாங்க, இது அடமழை மாசம் தொர, அதான் தோட்டத்து மேனேஜர், பாதி நாள் வேலையே குடுக்கலங்கிறாங்க, எல்லாத்தையும் ஒரு சீ.ஆர். கொப்பியில தமிழ்ல எழுதுனாரு. எழுதி முடிச்சு முழுசா வாசிச்சுக் காட்டி, நீங்க சொன்னது இதுதானே, எங்கயாவது நான் கூட்டியிருக்கனான்னு கேட்டாரு. எங்க அம்மாகிட்ட வாழ்க்கையில யாரும் அப்படி எழுதினத வாசிச்சுக் காட்டி கேட்டது கிடையாது, கை நாட்டு வாங்கிட்டு போயிருவாங்க.

பழைய துண்டுலயும் புது துண்டுலயும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) நம்பர வச்சு தொடர்ந்து காசு வெட்டியிருக்குன்னு காட்டுனாரு, தோட்டத்த நடத்துறவங்க மாறுனா வேலை செஞ்ச ஆளோட சேவை முறியாதுன்னு லேபர் ஒபீஸ்ல போயி நின்னாரு. கொஞ்சம் இழுத்துச்சு, ஆனா கோர்ட் வரைக்கும் போகாமலே அந்த ஒன்பது வருஷத்துக்கும் காசு வந்துச்சு.

ஒரு விஷயம் சொல்லணும், ஐயா பீஸ் வாங்கவே மாட்டாருன்னு மலர்ல எழுதிறாதீங்க. வாங்குனாரு. எவ்வளவுன்னு முதல் நாளே ஒரு துண்டுல எழுதி எங்க கையில குடுத்தாரு, காசு வந்த பிறகு அந்த தொகைய மட்டும் வாங்குனாரு. அவர் பெருமை அதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

என் யோசனை, மாசத்துல ஒரு நாள் எங்கயாவது ஒரு மேசை போட்டு இதே வேலைய செய்யணும். சேவைக்காலப் பணம் எப்படி கணக்குன்னு இன்னும் நம்ம சனத்துல பாதிப் பேருக்குத் தெரியாது. 1983ம் வருஷத்து 12ம் இலக்கச் சட்டப்படி நாள் சம்பளக்காரங்களுக்கு ஒரு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியா வாங்குன சம்பள வீதத்துல. அப்ப 30 வருஷம் பேர் போட்ட ஆளுக்கு 420 நாள் சம்பளம் வரணும். வேலை முடிஞ்சு 30 நாளைக்குள்ள குடுக்கணும். இத ஒரு பேப்பர்ல அடிச்சு ஒவ்வொரு லயத்துலயும் ஒட்டுனாலே பெரிய வேலை.

மஸ்கெலியா பெரியண்ணன்

தங்கச்சி, நான் சிலை வைக்கணும்ங்கிற கட்சி, ஏன்னு சொல்றேன். நம்ம டவுனுகள்ல யாருக்கு சிலை இருக்கு, யார் பேர்ல மண்டபம் இருக்குன்னு பாருங்க, எல்லாம் தொழிற்சங்க தலைவருங்க, மந்திரிமாருங்க. அவுங்களுக்கு வைக்க வேணாம்னு சொல்லல, அவுங்களும் செஞ்சாங்க. ஆனா நம்ம லயத்துல பொறந்து, படிச்சு, அரசாங்க உத்தியோகம் பாத்து, சட்டம் படிச்சு, திரும்பி இங்கயே வந்து இருந்த ஒரு ஆளோட முகம் நம்ம பிள்ளைங்க பஸ்ஸுக்கு நிக்கிற எடத்துல இருக்கணுமா இல்லையா? மலர் போட்டா ஐநூறு பிரதி அடிப்பீங்க, அலுமாரிக்குள்ள போயிரும். ஸ்கூல் போற பிள்ளை தினம் பாக்குறது சிலைய. யார் இவருன்னு கேக்கும்ல?

காசு பத்தாதுன்னா மார்பளவு சிலை போதும். நான் ஒரு மாச பென்சன் தாரேன்.

கொட்டகலை ஓய்வு வாத்தியார்

பெரியண்ணன் சொல்றதுல நியாயம் இருக்கு, அந்தக் கேள்விய அந்தப் பிள்ளை கேக்கும்போது பதில் சொல்ல யாராவது இருக்கணும், அதுக்குத்தான் முதல்ல அவர் வாழ்க்கைய ஒழுங்கா எழுதி வைக்கணும்ங்கிறேன்.

இப்பத்த பிள்ளைங்களுக்கு ஒரு லயத்துப் பையன் கச்சேரி கிளாக் ஆனதுல என்ன அதிசயம்னு தோணும். அந்தக் காலத்துல அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போடவே பிரஜாவுரிமை வேணும். 1948ல 18ம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்து நம்ம சனம் மொத்தமா நாடில்லாத ஆளுங்க ஆயிட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் 1947 தேர்தல்ல இலங்கை இந்தியன் காங்கிரஸ்ல 7 பேர் பாராளுமன்றம் போனாங்க, அடுத்த தேர்தல்ல ஓட்டே இல்ல. 1949ல 3ம் இலக்கச் சட்டத்துல பதிவு செஞ்சுக்கலாம்னாங்க, எட்டு லட்சத்துக்கு மேல ஆளுங்களுக்காக மனுப் போச்சு, கிடைச்சது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எத்தன வருஷம் தொடர்ந்து இங்க இருந்தோம்னு கடதாசியால நிரூபிக்கணும், எழுதப் படிக்கத் தெரியாத ஆளுக்கிட்ட கடதாசிக்கு எங்க போறது?

ஐயாவோட அப்பா அந்த 1,34,000 பேருக்குள்ள ஒருத்தர். தோட்டத்து கணக்கப்பிள்ளை ஒருத்தர் பழைய பத்திரங்கள தேடி எடுத்துக் குடுத்ததாலதான் மனு நின்னுச்சுன்னு ஐயாவே எங்கிட்ட சொல்லியிருக்காரு. அதே லயத்துல அடுத்த காம்பராவுல இருந்த அவர் சித்தப்பா குடும்பத்துக்கு கிடைக்கல, 1964ல இலங்கையும் இந்தியாவும் போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல அவுங்க இந்தியா போற பட்டியல்ல வந்து ராமேஸ்வரம் கப்பல் ஏறிட்டாங்க. ஒப்பந்தப்படி 5,25,000 பேர் அங்க, 3,00,000 பேர் இங்க, மிச்சம் 1,50,000 பேர பிறகு பாத்துக்கலாம்னு எழுதுனாங்க, அந்த மிச்சத்த 1974ல ரெண்டு நாடும் ஆளுக்குப் பாதியா பிரிச்சாங்க. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு இந்தப் பக்கம் ஒரு நாடு. கடதாசி ஒண்ணு எவ்வளவு கனமானதுன்னு அவர் படிச்சது சட்டக் கல்லூரியில இல்ல, அந்த லயத்துலதான்.

கிளாக் வேலையில இருந்துக்கிட்டே படிச்சு சட்டத்தரணி ஆனாரு. 2003ல 35ம் இலக்கச் சட்டம் வந்து, 1964 ஒக்டோபர் 30ல இருந்து இங்க நிரந்தரமா இருக்கிற ஆளுங்களுக்கும் அவுங்க வாரிசுகளுக்கும் பிரஜாவுரிமைன்னு ஆனப்ப, ஐயா கோர்ட் இல்லாத நாள்லாம் தோட்டம் தோட்டமா போயி படிவம் நிரப்புனாரு. கோயில் படிக்கட்டுல உக்காந்து எழுதிக்கிட்டிருந்தத நானே பாத்திருக்கேன். கிழவி ஒருத்தங்க பேர் சொல்றாங்க, புருஷன் பேர் சொல்ல மாட்டேங்கிறாங்க, புருஷன் பேர வாயால சொல்லக் கூடாதுல்ல. ஐயா அதட்டல, சிரிக்கல, பேரப்பிள்ளைய கூப்பிட்டு தாத்தா பேர் என்னான்னு கேட்டு எழுதுனாரு.

நினைவு மலருங்கிறத பத்தி எனக்கு ஒரு கோபம் இருக்கு. நம்ம பக்கம் வர்ற மலரப் பாத்தீங்கன்னா முதல் இருபது பக்கம் மந்திரி, எம்.பி., தவிசாளர்னு ஆசிச் செய்தி, ஒவ்வொண்ணுலயும் அனுப்புனவரோட பெரிய போட்டோ, உள்ள போனா செத்த ஆளப் பத்தி நாலு பக்கம், அதுலயும் எல்லாரும் எழுதுறது அன்னார் பண்பாளர் எளிமையானவர்னு. அப்படி போடாதீங்க. ஹட்டன்காரன் இங்க எழுதுன மாதிரி ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு விஷயத்த கேளுங்க. ஐயா எப்படிப்பட்டவருன்னு கேட்டா நல்லவருன்னு சொல்லிட்டு நிறுத்திருவாங்க. ஒங்க விஷயத்துல அவர் என்ன செஞ்சாரு, என்ன கேட்டாரு, நீங்க எத்தன மணிக்கு போனீங்க, வெளியில யார் யார் இருந்தாங்கன்னு கேளுங்க, கதை வந்துக்கிட்டே இருக்கும். போன்ல ரெக்கோட் பண்ணுங்க. வயசானவங்கள முதல்ல புடிங்க. தோத்த கேஸ்காரங்களையும் கேளுங்க, அவரு எல்லா கேஸும் ஜெயிக்கல.

புத்தகம் வந்த பிறகு நூலகம் இணையத்தளத்துக்கு ஒரு பிரதி அனுப்பிருங்க, ஈழத்து தமிழ் புத்தகம், பத்திரிகை, மலர் எல்லாத்தையும் மின்வடிவுல பாதுகாக்கிறவங்க. ஐநூறு பிரதி அலுமாரிக்குள்ள போனாலும் அங்க இருக்கும், பெரியண்ணனோட கவலைக்கும் அது ஒரு பதில்.

சட்டத்தரணி தங்கச்சி

நான் ஐயாகிட்ட ஜூனியரா இருந்தவ. பைல் விஷயத்துக்கு மட்டும் முதல்ல பதில் சொல்றேன், அது உண்மையிலயே அவசரம்.

ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்ல போடுற வேலைய தயவுசெஞ்சு யாரும் தொடங்க வேணாம். அந்தப் பெட்டிகளுக்குள்ள இருக்கிறது ஐயாவோட கதை இல்ல, அவர நம்பி வந்தவங்களோட கதை. தாபரிப்பு கேஸ் இருக்கும், வீட்டு அடிதடி இருக்கும், சின்னப் பிள்ளைங்க சம்பந்தப்பட்டது இருக்கும். கட்சிக்காரர், அதான் கேஸ் குடுத்தவர், லோயர்கிட்ட சொன்னத வெளியில விடக் கூடாதுங்கிறது சாட்சிக் கட்டளைச் சட்டத்துலயே 126ம் பிரிவுல இருக்கு, கேஸ் முடிஞ்சாலும் அந்தக் கடமை முடியாது. ஐயாவுக்கு இதுல எவ்வளவு பிடிவாதம்னா பஸ்ல யாராவது வந்து கேஸப் பத்தி பேச்செடுத்தா, ஒபீசுக்கு வாங்கன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்குவாரு, கோவிச்சுக்கிட்டவங்களும் உண்டு.

அதனால பெட்டிய பிரிக்கிறது ஒரு லோயர் முன்னாலதான் நடக்கணும், நான் வாறேன், இன்னும் ரெண்டு பேர கூட்டிட்டு வாறேன். நடந்துக்கிட்டிருக்கிற கேஸ் பைல கட்சிக்காரருக்கோ அவுங்க இப்ப வச்சிருக்கிற லோயருக்கோ கையெழுத்து வாங்கிக் குடுக்கணும். அடுத்தவங்களோட மூலப் பத்திரம், அதாவது பேர்த் சர்டிபிகேட், பிரஜாவுரிமை அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, எது இருந்தாலும் தேடிப் போயி உரியவங்க கையில குடுக்கணும், அத எரிச்சிட்டா ஒரு குடும்பத்தோட பாதி வாழ்க்கை போயிரும். ஐயா காணி உறுதி எழுதுற நொத்தாரிசும் கூட, அவர் எழுதுன உறுதிகளோட மூலப் பிரதிகள் காணிப் பதிவகத்துக்கு ஒப்படைக்க வேண்டியது, அம்மா அத வீட்டுல வச்சிருக்கக் கூடாது, நான் கூடவே போயி செஞ்சு குடுக்கிறேன். இதெல்லாம் போக மிஞ்சுறது அவரோட சொந்தக் கடிதம், பிரதேச சபையில பேசுன குறிப்பு, பேப்பருக்கு எழுதுன கட்டுரை. வரலாறு வேணும்னா அது அங்க இருக்கு, வீட்டுக்காரங்க சரின்னா அத ஸ்கேன் பண்ணலாம்.

ஹட்டன்காரன் அண்ணன் சொன்ன மேசைக்கு நான் வரத் தயார். ஆனா ஒண்ணு, லோயர் இல்லாதவங்க படிவம் நிரப்பலாம், பத்திரம் அடுக்கிக் குடுக்கலாம், சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, அதனால நாங்க யாராவது ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். சேவைக்காலப் பணம் குடுக்காட்டி லேபர் ஒபீஸ்ல முறைப்பாடு போடலாம், தொழில் ஆணையாளர் சான்றிதழ் குடுத்தா நீதவான் கோர்ட் மூலமா அபராதம் அறவிடுற மாதிரியே அறவிடலாம், இதுக்கு நம்ம ஆளு காசு செலவழிச்சு வழக்காட வேண்டியதில்ல. சட்ட உதவி ஆணைக்குழுங்கிறது ஒண்ணு 1978ல இருந்து இருக்கு, வசதியில்லாதவங்களுக்கு இலவசமா லோயர் போட்டுக் குடுக்கும், நம்ம சனம் அங்க போறது குறைவு.

மேசைக்கு அதிகமா வரப்போறது எதுன்னு நான் இப்பவே சொல்றேன், பேர் பிழை. பேர்த் சர்டிபிகேட்ல லெச்சுமி, அடையாள அட்டையில லட்சுமி, ஈ.பி.எப்.ல வேற ஒரு எழுத்து. தோட்டத்து கிளாக்கர் காதுல விழுந்தத அவருக்குத் தெரிஞ்ச எழுத்துல எழுதினது, நாப்பது வருஷம் கழிச்சு காசு எடுக்கப் போறப்ப மூணும் மூணு ஆளுன்னு திருப்பி அனுப்புவாங்க. மூணும் ஒரே ஆளுதான்னு சத்தியக்கடதாசி ஒண்ணு போடணும். ஐயா இத பிள்ளைங்க ஓ.எல். எழுதுற வயசுலயே பாத்து திருத்திருங்கன்னு ஒவ்வொரு ஸ்கூல் கூட்டத்துலயும் சொல்லுவாரு.

கோர்ட்ல அவர பாத்தவங்களுக்கு இன்னொண்ணு ஞாபகம் இருக்கும். நம்ம பக்கம் கோர்ட் வேலை சிங்களத்துலதான் நடக்கும். தமிழ்ல சொல்றவங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கேக்கிற உரிமை அரசியலமைப்புலயே, 24ம் உறுப்புரையில இருக்கு. கூண்டுல நிக்கிற ஆளு தலையாட்டுறத பாத்தா ஐயா எழும்பி, இவருக்கு இப்ப என்ன சொன்னாங்கன்னு புரியல, மொழிபெயர்ப்பாளர் வர்ற வரைக்கும் பொறுக்கணும்னு கேப்பாரு. தன்னோட கேஸ் இல்லாட்டியும் கேப்பாரு. கேஸ் தள்ளிப் போகும், எல்லாரும் முகத்த சுளிப்பாங்க, அவரு உக்காருவாரு. அவருக்கு சிங்களம் தண்ணி பட்ட பாடு, அவரே சொல்லிக் குடுத்திருக்கலாம். கேட்டா, நான் சொல்லிக் குடுத்தா அது என் தயவு, கோர்ட் சொல்லிக் குடுத்தா அது அவன் உரிமைன்னாரு. நான் அத இன்னைக்கு வரைக்கும் செய்யுறேன், என்னையும் முகத்த சுளிச்சுத்தான் பாக்குறாங்க.

வெள்ளவத்தையில இருந்து

நான் ஊர விட்டு வந்து கொழும்புல கடை வச்சிருக்கேன். ஐயாவோட பிரதேச சபைக் காலத்த பத்தி யாரும் எழுதல, அத விட்றாதீங்க.

1991ல பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தப்ப அவர் ஜெயிச்சு போனாரு. போன பிறகுதான் சனத்துக்கு தெரிஞ்சது, 1987ம் வருஷத்து பிரதேச சபைச் சட்டத்துல 33ம் பிரிவ வச்சு தோட்டத்துக்குள்ள சபைக் காசு செலவழிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. ஓட்டுப் போட்டது லயத்து சனம், ரோட்டுக்கு தார், லைட்டு, கான் எல்லாம் தோட்ட எல்லைக்கு வெளியில நின்னுரும். எங்க டிவிசன்ல பாலம் உடைஞ்சு பிள்ளைங்க ஆத்துல இறங்கி ஸ்கூல் போனப்ப எங்கப்பா அவர் வீட்டு வாசல்ல போயி கத்துனாரு, ஒனக்கு எதுக்குய்யா ஓட்டுப் போட்டோம்னு. ஐயா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு அந்தச் சட்டத்த எடுத்து வரி வரியா தமிழ்ல சொன்னாரு. எங்கப்பா அப்பவும் ஆறல. பாலத்த கடைசியில தோட்டத்து ஆளுங்களும் கோயில் கமிட்டியும் சேந்து மரம் போட்டு கட்டுனாங்க, ஐயாவும் ஒரு நாள் வந்து கல்லு தூக்குனாரு.

ஆனா அந்த விஷயத்த அவர் விடல. சபைக் கூட்டத்துக்கு கூட்டம் அத எழுப்புனாரு, மந்திரிக்கு எழுதுனாரு, பேப்பருக்கு எழுதுனாரு. அடுத்த தேர்தல்ல தோத்துட்டாரு, ஒண்ணும் செய்யலன்னு சொல்லித்தான் தோக்கடிச்சோம், எங்கப்பாவும் மாத்திப் போட்டாரு. 2018ல அந்தச் சட்டத்த திருத்துனாங்க, அதுக்கு பல பேர் பல வருஷம் போராடியிருக்காங்க, ஒருத்தரோட பேர் மட்டும் சொல்ல முடியாது. அதே வருஷம் அம்பகமுவ சபைய பிரிச்சு நோர்வூட், மஸ்கெலியான்னு தனி சபையும் வந்துச்சு. திருத்தம் வந்த செய்தி பேப்பர்ல வந்த அன்னைக்கு எங்கப்பா அந்தப் பேப்பர எடுத்துக்கிட்டு ஐயா வீட்டுக்கு போனாரு. என்ன பேசுனாங்கன்னு எனக்கு சொல்லல.

அவரு தோத்ததையும் மலர்ல போடுங்க. எதுக்கு தோத்தாருன்னும் போடுங்க. பஸ் தரிப்பிடம் கட்டுற காசுக்கு, அவர் கட்ட முடியாத எடத்துல, தோட்டத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு செய்யலாமேன்னு எனக்கு தோணுது. அதுக்கு சபையும் தோட்ட நிர்வாகமும் சம்மதிக்கணும், எழுத்துல வாங்கிக்கங்க.

பொகவந்தலாவை ஏ.எல்.

நான் இந்த வருஷம் ஏ.எல். எழுதுறேன், கலைப் பிரிவு. சட்டம் படிக்கணும்னு இருக்கேன், எங்க ஸ்கூலுக்கு ஐயா வந்து பேசுனதுதான் காரணம். காசு மிஞ்சுனா புலமைப்பரிசில்னு ஒருத்தருக்கு மொத்தமா குடுக்கிறத விட, இங்கிலீஷ் கிளாஸ் ஒண்ணு வச்சீங்கன்னா ரொம்பப் பேருக்கு உதவும். சட்டக் கல்லூரி பரீட்சை இங்கிலீஷ்ல மட்டும்தான்னு ஒரு விதி கொண்டுவந்தாங்க, 2023ல பாராளுமன்றத்துல அத தோக்கடிச்சாங்க, அதனால தமிழ்ல எழுதலாம். ஆனா உள்ள போன பிறகு வாசிக்க வேண்டிய தீர்ப்பெல்லாம் இங்கிலீஷ்தான்னு ஐயாவே சொன்னாரு. அவரோட சட்டப் புத்தகங்கள என்ன செய்யப் போறீங்க அக்கா? அத ஒரு வாசிகசாலையில வச்சா நாங்க போயி படிப்போம்.

டிக்கோயா மகள்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, சேர், ஒங்க பதில அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன், கோயில் படிக்கட்டு விஷயம் அவுங்களுக்கே தெரியாதாம், அவர் எங்க போறாருன்னு வீட்டுல சொல்றதில்லையாம்.

நேத்து குழு கூடுச்சு, இங்க வந்த எல்லாத்தையும் வச்சுப் பேசுனோம், கொஞ்சம் சூடாவும் போச்சு. பைல் ஸ்கேன் பண்றது இல்ல, அது முடிவு, அந்த அண்ணனும் ஒத்துக்கிட்டாரு. சட்டத்தரணி தங்கச்சி, வர்ற சனிக்கிழமை ரூம் தொறக்கிறோம், வந்துருங்க. நொத்தாரிசு பத்திரம் விஷயம் எங்க யாருக்குமே தெரியாது, நல்ல வேளை சொன்னீங்க.

மேசை போடுறது உறுதி, மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, எடம் கோயில் மண்டபம், ஐயர் சரின்னுட்டாரு. மாசி நினைவு நாள்லயே முதல் மேசை, கூட்டம், பேச்செல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிச்சிட்டு மிச்ச நேரம் வேலை. சேவைக்காலப் பண கணக்க ஒரு பக்கத்துல அடிச்சு அன்னைக்கே குடுக்கிறோம், ஹட்டன்காரன் தம்பி எழுதித் தரணும், சட்டத்தரணி தங்கச்சி பாத்து திருத்தணும். மலருக்கு அவசரப்படல, அடுத்த வருஷம் வரட்டும், ஆசிச் செய்தி கிடையாதுன்னு தீர்மானமே எழுதிட்டோம். கதை சேக்கிறத மட்டும் இப்பவே தொடங்குறோம், கொட்டியாகலை, கெர்க்கஸ்வோல்ட் பக்கம் போறதுக்கு ரெக்கோட் பண்ணத் தெரிஞ்ச பொடியனுங்க ரெண்டு பேர் வேணும்.

பெரியண்ணே, சிலைக்கு இப்ப வழியில்ல. ஆனா புத்தகங்கள் வாசிகசாலைக்கு போகுது, அந்த வாசல்ல ஐயாவோட பெரிய போட்டோ, கீழ அவர் யாருன்னு பத்து வரி, பிள்ளைங்க கேட்டா படிக்கிற மாதிரி. ஒங்களுக்கு சம்மதமா?

வெள்ளவத்தை அண்ணே, ஒங்கப்பா இருக்காருங்களா? இருந்தா அவர்கிட்ட பேசணும்.

மஸ்கெலியா பெரியண்ணன்

சம்மதம் தங்கச்சி. போட்டோவ நல்ல சட்டம் போட்டு கண்ணாடி வைங்க, நம்ம பக்கத்து ஈரத்துக்கு பூஞ்சணம் புடிச்சிரும், பின்பக்கம் சுவர்ல ஒட்டாம இடைவெளி விடச் சொல்லுங்க. அந்த செலவு என்னோடது. பத்து வரியில கச்சேரி கிளாக்கா இருந்ததையும் மறக்காம போடுங்க, என் பேர்த் சர்டிபிகேட்டுக்கு அலைஞ்ச காலத்துல வரிசையில நின்ன என்ன ஐயான்னு கூப்பிட்ட முதல் அரசாங்க உத்தியோகத்தர் அவரு.

வெள்ளவத்தையில இருந்து

அப்பா இருக்காரு, காது கொஞ்சம் மந்தம், நேர்ல வந்து சத்தமா பேசணும். பின்னேரம் நாலு மணிக்கு மேல வரச் சொல்றாரு. நம்பர் இன்பொக்ஸ்ல அனுப்புறேன்.